விதியும் வீதமும்

காவிரியின் தென்கரையில், தேவாரத்தில் திருத்துருத்தி என்று வழங்கும் குத்தாலத்தைச் சூழ்ந்த ஊர்களில், பொருளிழந்து நிற்பவனைத் தலைவிதி என்று சொல்லித் தேற்றுவது நெடுநாளைய வழக்கம். ஆற்றில் நீர் வாராமல் குறுவை கருகக் கண்டவனுக்கு அச்சொல் ஆறுதலும் தரும். கைப்பேசிச் சூதாட்டத்தில் தோற்றவனுக்கும் அதையே சொல்லுவது தர்மமாகுமா என்பதே இங்கு எழும் கேள்வி.

கைப்பேசிச் சூதுகளில் ஒன்றான ரூலெட்டின் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள் உள. ஓர் எண்ணின்மீது ஒரு ரூபாய் வைத்து அது வாய்த்தால், வைத்த ரூபாயும் சேர்த்து 36 ரூபாய் கைக்கு வரும். ஆகவே எல்லா எண்களிலும் ஒவ்வொரு ரூபாய் வைப்பவன் 37 கொடுத்து 36 பெறுகிறான். நூற்றுக்கு 2.70 என்னும் அந்த வீதமே நடத்துவோரின் ஆதாயம். 00 என்னும் மற்றோர் எண்ணைச் சேர்த்துவிட்டால் அது 5.26 ஆகும். அற்பமாகத் தோன்றும் இவ்வீதம், ஒரே பணம் திரும்பத் திரும்பப் பணயமாவதால் பேருருக் கொள்கிறது. சுற்றுக்கு 100 ரூபாயாக 370 சுற்று ஆடுபவன் வைக்கும் பணயம் 37,000 ரூபாய். அதில் சராசரி நஷ்டம் ஆயிரம் ரூபாய். கைப்பேசியிலோ ஒரு சுற்று சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது.

ஒருவனுடைய ஒரு சுற்றில் என்ன நிகழும் என்பதை எவரும் அறியார். எண்ணற்றோரின் கோடிச் சுற்றுகளில் என்ன நிகழும் என்பதை நடத்துவோர் அறிவர். யாக்கோபு பெர்னூலியின் 1713-ஆம் ஆண்டு நூல் நிறுவிய பேரெண் விதி இதுவே. நிச்சயத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு அநிச்சயத்தை மட்டும் பிறருக்கு விற்பதிலே இத்தொழிலின் அதர்மம் அடங்கியிருக்கிறது. 2022-இல் தமிழ்நாடும் 2025-இல் மத்திய அரசும் இதற்கெதிராகச் சட்டம் இயற்றியது முறையானதே. ஆயினும் மனமயக்கத்தைச் சட்டம் ஒன்றே நீக்கிவிடாது.

சூதில் நாடிழந்த நளன் திருநள்ளாற்றில் சனி நீங்கப்பெற்றான் என்பது தலபுராணம். அவன் இழந்ததை மீட்கத் துணைநின்றது, இருதுபன்னன் என்னும் மன்னனிடம் கற்ற எண்ணும் வித்தையும் சூதின் மர்மமுமே என்கிறது மகாபாரதம். வனவாசத்தில் வருந்திய தருமனுக்கு இக்கதையைக் கூறிய பிருகதசுவ முனிவர், கதையோடு நில்லாமல் அவ்வித்தையையும் உபதேசித்தார். ஆறுதலின் உயர்ந்த வடிவம் அறிவைத் தருவதே என்று அம்முனிவர் கருதினார் போலும். தோற்றவனிடம் விதி என்று சொன்னால், நாளை அது மாறும் என்று நம்பி அவன் மறுபடியும் ஆட அமர்வான்; மாறாத வீதத்தை எடுத்துக் காட்டினாலோ, எழுந்து வருவதற்கு அவனுக்கு ஒரு காரணம் கிடைக்கும். கணக்கைச் சொல்லிக் கொடுப்பதே அவனுக்கு நாம் காட்டத்தக்க மெய்யான தயை.