தற்காப்புக் கலை: வலிமையோடு அமானிதமும் வேண்டும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், அவர்களைப் பின்பற்றி வாழ்ந்த, வாழ்கின்ற நல்லடியார்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.

அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்தவனாக இந்த உரையை ஆரம்பிக்கிறேன்.

பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினால் பெற்றோர்கள் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். "ஹஸ்ரத், பையனைக் கராத்தேயில் சேர்க்கலாமா? சிலம்பம் கூடுமா? பெண் பிள்ளையை அனுப்பலாமா?" கூடும் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது போதாது. ஒரு பிள்ளையின் கையில் வலிமையைக் கொடுக்கிறோம் என்றால், அந்தக் கை நாளை என்ன செய்யும் என்பதற்கும் நாம்தான் பொறுப்பு. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

மார்க்கம் வலிமையை விரும்புகிறது

பலமான முஃமின் பலவீனமான முஃமினை விட அல்லாஹ்விடம் மேலானவர், அவனுக்கு அதிகப் பிரியமானவர். ஆயினும் இருவரிடத்திலும் நன்மை உண்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது. இங்கே பலம் என்பதற்கு, மறுமைக் காரியங்களில் உள்ள மன உறுதி என்று இமாம் நவவி (ரஹ்) விளக்கம் தருகிறார்கள். அந்த உறுதியைச் சுமந்து செல்ல ஓர் உடல் வேண்டுமல்லவா? ஃபஜ்ருக்கு எழுவதற்கும், நோன்பு நோற்பதற்கும், தவாஃபும் சஃயும் செய்வதற்கும் உடல் ஒத்துழைக்க வேண்டும். முப்பது வயதிலேயே மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது. நாற்பதில் சர்க்கரை மாத்திரை. பிள்ளைகளோ கைப்பேசியோடு கட்டிலில் கிடக்கிறார்கள்.

ஒரு பெருநாள் அன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஈட்டிகளைக் கொண்டு விளையாடினார்கள். நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) தம் தோளுக்குப் பின்னால் நின்று, போதும் என்று சலிக்கும்வரை பார்க்க அனுமதித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்தச் செய்தி இருக்கிறது. ருகானா என்ற மல்யுத்த வீரரை நபியவர்கள் மல்யுத்தத்தில் வீழ்த்திய செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் உறுதியானதல்ல என்று இமாம் திர்மிதீயே குறிப்பிட்டிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டாலும், இதற்கு முந்திய ஆதாரங்களே நமக்குப் போதும்.

ஒரே கை, இரண்டு சம்பவங்கள்

சகோதரர்களே! வலிமையைப் பற்றிக் குர்ஆன் சொல்லும் பெரிய பாடம் சூரா அல்கஸஸில் இருக்கிறது. மூஸா (அலை) அவர்கள் வாலிப வயதில், நபித்துவம் கிடைப்பதற்கு முன், நகரத்துக்குள் வருகிறார்கள். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் தம் கூட்டத்தைச் சேர்ந்தவன், மற்றவன் எதிரிக் கூட்டத்தவன். தம் ஆள் உதவிக்கு அழைக்க, மூஸா (அலை) ஒரு குத்து விடுகிறார்கள். அவன் அங்கேயே செத்து விழுகிறான். கொல்லும் எண்ணம் இல்லை. ஆனாலும் உயிர் போய்விட்டது.

உடனே அவர்கள் என்ன செய்தார்கள்? பெருமை பேசவில்லை. இது ஷைத்தானின் வேலை என்றார்கள். தமக்குத் தாமே அநீதம் செய்துவிட்டதாக அல்லாஹ்விடம் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். அல்லாஹ் மன்னித்தான். மறுநாள் பார்த்தால், நேற்று உதவி கேட்ட அதே ஆள் இன்று இன்னொருவனோடு சண்டை போட்டுக்கொண்டு மறுபடியும் அழைக்கிறான்! நம் தெருக்களிலும் இப்படி ஒருவர் இருப்பார். வம்பை இழுப்பது அவர், அடிக்கப் போவது நம் பிள்ளை.

இதே மூஸா (அலை) அவர்கள் ஊரை விட்டு வெளியேறி மத்யன் போய்ச் சேர்கிறார்கள். நீர்நிலை அருகே ஆண்கள் முண்டியடித்துக் கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள். இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். தந்தை முதியவர், மேய்ப்பர்கள் போகும்வரை காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். களைத்துப் போய் வந்த மூஸா (அலை) அவர்களுக்காகத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு, கூலி எதிர்பார்க்காமல் நிழலில் போய் ஒதுங்குகிறார்கள். பிறகு அந்தப் பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம் பரிந்துரை செய்கிறார்: இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; வேலைக்கு ஏற்றவர் பலசாலியாகவும் நம்பகமானவராகவும் இருப்பவரே என்ற கருத்தில்.

பலமும் அமானிதமும் சேர்ந்தால்தான் மனிதன் முழுமை பெறுகிறான். நகரத்தில் ஓர் உயிரைப் போக்கிய கை, மத்யனில் தாகம் தீர்த்தது. தற்காப்புக் கலை கற்கும் நம் பிள்ளையின் கை இந்த இரண்டில் எந்தக் கையாக மாறும்? கலையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும்.

எந்தக் கலையைத் தேர்ந்தெடுப்பது?

முதலாவது, முகம். அடிக்க நேர்ந்தாலும் முகத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நபிமொழியின் கட்டளை. இன்று இளைஞர்களின் ஸ்டேட்டஸ் முழுவதும் கூண்டுக்குள் நடக்கும் சண்டைதான். ஜெயித்தவர் முஸ்லிம் என்பதற்காக, கீழே விழுந்தவரின் முகத்தில் குத்துவது ஹலால் ஆகிவிடாது. 1987ஆம் ஆண்டு மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு கவுன்சில் குத்துச்சண்டை கூடாது என்று தீர்மானித்தது. முஹம்மது அலீயை நாம் நேசிக்கிறோம். அவருக்கு 1984ல் பார்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. மேடையில் வாங்கிய குத்துகள்தான் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குவது மூளைக்குக் கேடு என்பதில் மருத்துவர்களிடம் கருத்து வேறுபாடு இல்லை.

அப்படியானால் எதைக் கற்பது? 1882ல் ஜப்பானில் ஜிகோரோ கானோ உருவாக்கிய ஜூடோவில் குத்தும் உதையும் போட்டியில் கிடையாது; பிடித்தல், தூக்கி வீழ்த்துதல், அடக்குதல் இவைதான். முதல் பாடமே அடிபடாமல் விழக் கற்பது. வயதான காலத்திலும் அது உதவும். நம் மண்ணின் சிலம்பத்தில் கம்பைச் சுழற்றுவதும் காலடி வைப்பதும்தான் நீண்ட நாள் பாடம். தொடுமுறைப் போட்டியில் எதிரியின் உடலைக் கம்பால் தொட்டாலே புள்ளி. தோள், மணிக்கட்டு, இடுப்பு, கால் எல்லாம் வேலை செய்யும். கராத்தே, டேக்வாண்டோ கற்பவர்கள், தலையைக் குறிவைக்கும் மோதல் பயிற்சியை எப்படி நடத்துகிறார்கள் என்று ஆசிரியரிடம் முதலிலேயே கேளுங்கள். அடியைத் தொடாமல் நிறுத்தப் பழக்குகிறாரா, அல்லது அடித்துப் பழக்குகிறாரா என்று பாருங்கள்.

இரண்டாவது, குனிதல். ஒருவர் தம் சகோதரரைச் சந்தித்தால் குனியலாமா என்று கேட்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் வேண்டாம் என்று சொல்லி, கைகொடுப்பதை அனுமதித்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீயில் உள்ளது. சில வகுப்புகளில் படத்தின் முன் குனிய வேண்டும். சில இடங்களில் விளக்கேற்றி, தரையைத் தொட்டு வணங்கி, ஆசான் காலைத் தொட வேண்டும். சேருவதற்கு முன்பே ஆசானிடம் மரியாதையாகப் பேசுங்கள். "ஆசான், எங்கள் மார்க்கத்தில் இது இல்லை. பையன் நிமிர்ந்து நின்று, நெஞ்சில் கை வைத்து மரியாதை செய்வான்" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். அவர் வழக்கத்தை ஏளனம் செய்யாதீர்கள். அவர் ஒப்பவில்லை என்றால் வேறு வகுப்பு பாருங்கள்.

மூன்றாவது, அவ்ரத்தும் தொழுகையும். தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறையும் உடை வேண்டும். வகுப்பு நேரம் மக்ரிபை விழுங்கிவிடக் கூடாது. பத்து நிமிடம் தொழ விட மறுக்கும் பயிற்சி நமக்குத் தேவையில்லை.

ஆசானையும் இடத்தையும் பாருங்கள்

கலையின் பெயரைவிட ஆசான்தான் முக்கியம். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். சின்னப் பையனைப் பெரியவனோடு மோத விடுகிறாரா? அடிபட்டால் முதலுதவிக்கு ஏதாவது வைத்திருக்கிறாரா? தவறு செய்த பிள்ளையைத் திருத்துகிறாரா, திட்டுகிறாரா? மூன்று மாதத்துக்கொரு பெல்ட் பரீட்சை வைத்துப் பணம் வாங்குவதே நோக்கமாக இருக்கிறதா? சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். பயிற்சி ஊரறிய நடக்க வேண்டும். திறந்த மைதானம், பெயர் தெரிந்த ஆசான், எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து பயிலும் வகுப்பு. அதுதான் பாதுகாப்பு. பூட்டிய அறையில், அறிமுகம் இல்லாத ஒருவர், இலவசமாகச் சொல்லித் தருகிறேன் என்று அழைத்தால் அனுப்பாதீர்கள். பயிற்சியோடு இன்னொரு சமூகத்தின் மீது வெறுப்பையும் ஊட்டுபவர் ஆசானே அல்ல. அவர் நம் பிள்ளையின் வாழ்க்கையைப் பாழாக்க வந்தவர். பக்கத்து வீட்டுப் பையனோடு சேர்ந்து கம்பு சுற்றிய பிள்ளை, நாளை அவனுக்கு எதிராகக் கம்பைத் தூக்க மாட்டான்.

அம்புகளோடு பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ செல்பவர், யார் மீதும் பட்டுவிடாதபடி முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததாக அபூமூஸா (ரலி) அறிவிக்கிறார்கள். கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறும் தம்பிக்கும் இது பொருந்தும்.

பெண் பிள்ளைகள்

டியூஷன் முடிந்து இருட்டும் நேரத்தில் திரும்பும் பெண் பிள்ளைக்கும் தற்காப்பு தெரிந்திருக்க வேண்டும். பெண் ஆசிரியை, பெண்கள் மட்டும் இருக்கும் இடம், மறைவான உடை: இந்த மூன்றும் அமைந்தால் தாராளமாக அனுப்புங்கள். ஊரில் அப்படி வகுப்பு இல்லையென்றால், மத்ரஸா வளாகத்திலோ மஹல்லா மண்டபத்திலோ ஏற்பாடு செய்ய நிர்வாகம் முன்வரலாம். கையைப் பிடித்தால் உதறி விடுவிப்பது, உரக்கக் கத்துவது, வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் பக்கம் ஓடுவது: இவற்றைத் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். இதைவிட முக்கியம், என்ன நடந்தாலும் வீட்டில் வந்து சொல்லலாம் என்ற தைரியம் அவளுக்கு இருக்க வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது தாயும் தந்தையும்தான்.

ஆபத்து வந்தால் எதுவரை?

தாக்க வருபவனைத் தடுக்க ஷரீஅத் உரிமை தருகிறது. தன் பொருளைக் காக்கும் முயற்சியில் கொல்லப்படுபவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்ற ஹதீஸ் புகாரியில் உள்ளது. ஆனால் அந்த உரிமைக்கு எல்லை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூலான மின்ஹாஜில் இமாம் நவவி (ரஹ்) படிப்படியாகச் சொல்கிறார்கள்: பேச்சாலோ, உதவிக்குக் கூப்பிடுவதாலோ தடுக்க முடிந்தால் அடிப்பது ஹராம். கையால் அடித்துத் தடுக்க முடிந்தால் சாட்டை ஹராம். சாட்டை போதுமென்றால் கம்பு ஹராம். தப்பி ஓட முடிந்தால் ஓடுவதுதான் கடமை, அங்கே சண்டை போடுவது ஹராம் என்பதே மத்ஹபின் சட்டம்.

கேட்டீர்களா இளைஞர்களே? ஓடுவதைக் கோழைத்தனம் என்று சினிமா சொல்கிறது. கடமை என்று ஃபிக்ஹு சொல்கிறது.

நாட்டின் சட்டமும் இதற்கு நெருக்கமாகவே இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது, காவல்துறையை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்று 37ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது. எதிரி கீழே விழுந்த பிறகு கொடுக்கும் ஓர் உதை, தற்காப்பைக் குற்றமாக மாற்றிவிடும். டீக்கடையில் ஒரு வார்த்தைக்காகத் தூக்கிய கை ஒரு எஃப்.ஐ.ஆர். ஆகும், அது பாஸ்போர்ட்டை நிறுத்தும், வேலையை நிறுத்தும், நிச்சயித்த திருமணத்தையும் நிறுத்தும். ஸலாம் சொல்லி விலகிப் போனவனுக்கு இதில் எதுவும் நிற்காது.

பிறரை வீழ்த்துபவர் பலசாலி அல்லர், கோபத்தின்போது தம்மை அடக்கிக்கொள்பவரே பலசாலி என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். வகுப்பில் சேர்ந்த பிறகு பிள்ளையிடம் கோபம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? தம்பி, தங்கையிடம் அவன் எப்படி நடக்கிறான்? பெல்ட்டின் நிறத்தைப் பார்க்காதீர்கள், இதைப் பாருங்கள். கோபம் கூடியிருந்தால் அந்த வகுப்பை நிறுத்துங்கள்.

கற்றதை விட்டுவிடாதீர்கள்

கடைசியாக ஒன்று. உக்பா இப்னு ஆமிர் (ரலி) முதுமையிலும் இரண்டு இலக்குகளுக்கு இடையே நடந்து நடந்து அம்பெய்து பழகினார்கள். இந்த வயதில் ஏன் இவ்வளவு சிரமம் என்று ஒருவர் கேட்டார். அம்பெய்யக் கற்றுவிட்டுக் கைவிடுபவரை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்ததைத் தாம் கேட்டிருக்காவிட்டால் இந்தச் சிரமத்தை மேற்கொண்டிருக்க மாட்டேன் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது.

நம் வீடுகளில் உடுப்பு வாங்கி, மூன்று மாதத்தில் அலமாரியில் மடித்து வைத்த கதை எத்தனை! அரைகுறையாகக் கற்றவனுக்குத்தான் கைச் சூடு அதிகம். நாலு அடி தெரிந்தவன் எங்கே காட்டலாம் என்று அலைவான். நாலு வருடம் பழகியவனுக்கு அடியின் வலி தெரியும், ஆகவே அவன் நிதானிப்பான். வாரத்துக்கு இரண்டு நாள் போதும், ஆனால் விடாமல் போக வேண்டும். தந்தையும் கூடவே போனால் இருவருக்கும் நல்லது.

வலிமை கிடைத்த பின் அதை எங்கே செலவிடுவது? மூஸா (அலை) அவர்கள் மத்யனில் காட்டித் தந்துவிட்டார்கள். ஜனாஸாவைச் சுமக்க, வெள்ளம் வந்தால் பக்கத்துத் தெருவில் இருப்பவர்களைத் தூக்கி வர, முதியவர்களுக்குத் தண்ணீர்க் குடம் எடுத்துக் கொடுக்க முதல் ஆளாக நிற்கட்டும் நம் பிள்ளைகள். ஊரில் பலசாலி யார் என்று கேட்டால் அவர்களைக் காட்ட வேண்டும். நம்பகமானவர் யார் என்று கேட்டாலும் அவர்களையே காட்ட வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் உடலுக்கு ஆரோக்கியத்தையும், எங்கள் கைகளுக்கு வலிமையையும், அந்த வலிமையை அடக்கி ஆளும் உள்ளத்தையும் தருவாயாக! எங்கள் பிள்ளைகளை அநீதி செய்யாதவர்களாகவும், அநீதிக்கு ஆளாகாதவர்களாகவும் காப்பாயாக! எங்கள் ஊரில் அமைதியையும் அண்டை அயலாரிடையே அன்பையும் நிலைக்கச் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.