வாசலில் ஒரு சொல்

எந்த நாட்டைப் பார்க்க ஆசை என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வரும். சுவிட்சர்லாந்து என்பார்கள், ஜப்பான் என்பார்கள். ஏன் என்று கேட்டால்தான் சற்று யோசிப்பார்கள். பனிமலை, செர்ரிப்பூ என்று தொடங்குவார்கள். இன்னும் கொஞ்சம் பேசவிட்டால், சின்ன வயதில் அப்பா கொண்டுவந்து மாட்டிய காலண்டர் படம் வரும். சித்தப்பா எழுதிய கடிதம் வரும். மலையையும் பூவையும் நமக்குக் காட்டிய ஒரு மனிதர் அந்த ஆசையின் அடியில் இருப்பார். இதை எனக்கு விளங்கவைத்தது ஒரு ஜப்பானியப் பெண்மணியின் வாழ்க்கை.

கனடாவின் கிழக்கே பிரின்ஸ் எட்வர்ட் தீவு இருக்கிறது. அந்நாட்டு மாகாணங்களிலேயே சிறியது. மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவு. உருளைக்கிழங்கு வயல்களும் மீன்பிடித் துறைகளும் நிறைந்த ஊர். பாறையில் உள்ள இரும்பு துருவேறியதால் மண்ணெல்லாம் சிவப்பு. உலகம் வியக்கும் கோட்டையோ கோபுரமோ அங்கே கிடையாது. ஆனாலும் பூமியின் மறுபுறத்திலிருந்து ஜப்பானியர்கள் பல பத்தாண்டுகளாக அந்தத் தீவைத் தேடி வருகிறார்கள். அங்கேயே வந்து திருமணம் செய்துகொண்ட ஜோடிகளும் உண்டு.

அவர்களை இழுத்து வருவது 1908இல் வெளிவந்த ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ என்ற நாவல். எழுதியவர் அந்தத் தீவில் பிறந்த லூசி மாட் மான்ட்கோமரி. வயதான ஓர் அண்ணனும் தங்கையும் வயல்வேலைக்கு உதவியாக அநாதை இல்லத்திலிருந்து ஒரு பையனைக் கேட்கிறார்கள். தவறுதலாக, பதினொரு வயதுச் செம்பட்டை முடிக்காரி ஆன் வந்து இறங்குகிறாள். ரயிலடியிலிருந்து குதிரை வண்டியில் வரும்போது, இந்தப் பாதை ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று வியந்து கேட்கிறாள். இனி இதுதான் தன் வீடு என்ற பூரிப்பு அவளுக்கு. வாசலுக்கு வந்த பிறகுதான், தன்னை யாரும் கேட்கவில்லை என்று அந்தக் குழந்தைக்குத் தெரிகிறது. திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்று தங்கை மரில்லா தவிக்கிறாள். கடைசியில் வைத்துக்கொள்கிறாள்.

இந்தக் கதையை ஜப்பானியருக்குக் கொடுத்தவர் ஹனாகோ முராவோகா. பத்து வயதில், கனடா நாட்டு மிஷனரிகள் டோக்கியோவில் நடத்திய பெண்கள் பள்ளியின் விடுதியில் சேர்ந்தவர். ஆங்கிலமும் கவிதையும் அவருக்கு அந்த ஆசிரியைகளிடமிருந்தே வந்தன. 1926இல் தன் சின்ன மகனை நோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்திலிருந்து எழுந்து, ஊரார் பிள்ளைகளுக்காக நல்ல கதைகளை மொழிபெயர்ப்பதில் தன்னைக் கொடுத்தார். 1939இல் போர் மேகம் சூழ்ந்தபோது, ஜப்பானை விட்டுக் கிளம்பிய கனடா நாட்டுத் தோழி ஒருவர், தான் வைத்திருந்த ‘ஆன்’ பிரதியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு கனடா எதிரி நாடாயிற்று, ஆங்கிலம் எதிரியின் மொழியாயிற்று. டோக்கியோவின் மீது குண்டுகள் விழுந்தன. அந்த நாட்களில் யாருக்கும் தெரியாமல் அவர் அந்த நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். வரும் என்று யாரும் சொல்ல முடியாத சமாதானத்தை நம்பி, வரி வரியாக எழுதினார். புத்தகத்தையும் கையெழுத்துப் பிரதியையும் குண்டுவீச்சுக்குத் தப்ப வைத்தார். 1952இல் நூல் வெளிவந்தது. வீட்டையும் உறவையும் போரில் இழந்த பிள்ளைகள் நிறைந்திருந்த நாட்டில், யாருமற்ற ஒரு சிறுமியை ஒரு வீடு ஏற்றுக்கொண்ட கதை என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பிள்ளைகளின் கனவில் சிவப்புப் பாதைகள் முளைத்தன.

இத்தனைக்கும், முராவோகா அந்தத் தீவில் கால் வைத்ததே இல்லை. 1968இல் காலமானார். அதைப் பார்க்காமலே போய்விட்டாரே என்று முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்தேன். வீட்டைப் பிரிந்து வந்த பத்து வயதுப் பெண்ணை விடுதியில் அன்போடு சேர்த்துக்கொண்டார்களே, அந்த நாளே அவர் கனடாவுக்குள் போய்விட்டார். கதையின் சிறுமிக்கு மரில்லாவின் வாசல் எதுவோ, அதுவே அவருக்கு அந்தப் பள்ளியின் வாசல்.

நாடு பார்க்கும் ஆசையைத் தோண்டிப் பார்த்தால் அடியில் கிடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். போய் இறங்கும் இடத்தில் ஒரு கதவு திறக்க வேண்டும், ஒரு குரல் ‘வா’ என்று சொல்ல வேண்டும். எப்போதோ யாரோ நமக்குக் காட்டிய அன்பின் முகவரியைத்தான் நாம் வரைபடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்கு யார் வந்தாலும், என்ன விஷயம் என்று கேட்கும் முன்பே ‘வாங்க’ என்கிறோம். பழக்கத்தில் தேய்ந்துபோன சொல்லாகத்தான் அதை நினைத்திருந்தேன். இப்போது அதன் எடை தெரிகிறது. நம் ஊர் ரயிலடியிலும் இன்று யாரோ ஒருவர் பெட்டியோடு இறங்கி நிற்கக்கூடும். நமக்குச் சலித்துப்போன இந்தத் தெரு, அவர் பல வருடங்களாகக் கனவு கண்ட தேசமாக இருக்கலாம். அந்தக் கனவு மெய்யாவது விமானச் சீட்டில் இல்லை. கதவைத் திறப்பவரின் முகத்தில் இருக்கிறது.