கயிற்றின் மறுமுனை

முத்துக் குளித்த காலத்தில் தூத்துக்குடிக் கரையில் ஒரு வழக்கம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைத் தோணியில் இருந்தபடி பிடித்துக்கொள்கிறவன் அவனுடைய மைத்துனனாக இருப்பான். அண்ணன் தம்பி அல்ல, மைத்துனன். குளிக்கப் போனவன் மேலே வராவிட்டால் தாலி அறுப்பவள் கயிறு பிடித்தவனின் உடன்பிறந்தாள் அல்லவா? அண்ணன் தம்பி என்றால் பாகப்பிரிவினையில் ஏதாவது லாபம் இருக்கலாம் என்று நினைத்தார்களோ என்னவோ!

கல்லின்மேல் கால் வைத்து ஐந்து பாகம், பத்துப் பாகம் ஆழம் இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிஷம் மூச்சடக்கிச் சிப்பி சேர்த்தவனுக்கு மேலுலகம் என்பது அந்தக் கயிறு ஒன்றுதான். அவன் அசைத்ததும் இழுக்க வேண்டும். மேலே இருப்பவன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தால் போயிற்று.

இந்த ஏற்பாட்டைக் கேட்டவர்கள் எல்லோரும் மெச்சுகிறார்கள். நானும் மெச்சியதுண்டு. ஆனால் சற்று நின்று யோசித்தால், அதற்குள் மனிதனைப் பற்றிய ஒரு சந்தேகம் ஒளிந்திருப்பது தெரிகிறது. தனக்கு நஷ்டம் இல்லாத இடத்தில் எவனும் விழித்திருக்கமாட்டான் என்ற சந்தேகம். அது நியாயமானதுதானா?

அரசு நடத்திய முத்துக்குளிப்பு இந்தக் கரையில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்கு குளிப்பது மட்டும் தொடர்ந்தது. அதிலும் பிற்காலத்தில் காற்றழுத்த எந்திரமும் ரப்பர்க் குழாயும் வந்துவிட்டன. குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினால் நெடுநேரம் அடியில் இருக்கலாம். ஆனால் அழுத்தத்தில் சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கும். சட்டென்று மேலே வந்தால், மூடியைத் திறந்த சோடாப் புட்டியைப் போல அது ரத்தத்தில் குமிழியிடும். மூட்டுகள் வலிக்கும், சிலருக்குக் கால் விளங்காமலே போகும். படிப்படியாக, இடையிடையே நின்று நின்றுதான் மேலே வர வேண்டும் என்பதை ஆடுகளை வைத்துச் சோதித்து, 1908-இல் அட்டவணையாகவே வெளியிட்டார் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

இங்கேதான் மைத்துனனின் கதை தலைகீழாகிறது. முத்துக் குளித்தவனைக் காப்பாற்றியது, பதறிப்போய் வேகமாக இழுத்த கை. குழாயோடு இறங்கியவனை முடமாக்கக்கூடியதும் அதே பதற்றம்தான். அன்பு அப்படியே இருக்கிறது; அறிவு மட்டும் இல்லை. கரைக்கு வந்தவனுக்கு உடனே வேண்டியது பிராணவாயு. பிறகு அழுத்த அறை உள்ள மருத்துவமனை. இதைத் தெரிந்த அந்நியன் ஒருவன், தெரியாத மைத்துனர் பத்துப் பேருக்குச் சமம்.

அந்த அந்நியரைத் தமிழ்நாடு முழுவதும் இப்போது எல்லோருக்கும் தெரியும். 2008-இல் 108 வண்டிகள் ஓடத் தொடங்கின. வண்டிக்கு இருவர். ஓட்டுகிறவரைப் ‘பைலட்’ என்கிறார்கள். பின்னால் இருப்பவர் அவசர மருத்துவ உதவியாளர். ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. செவிலியர் படிப்போ அறிவியல் பட்டமோ பெற்று, அதன்மேல் சில வாரப் பயிற்சியும் பெற்றவர். துறைமுகச் சாலையில் லாரிக்கு அடியிலிருந்து ஒருவரை எடுக்கும்போது கழுத்தை அசைக்காமல் எடுக்கத் தெரிந்தவர். உப்பளத்து வேலைக்காரியின் பிரசவத்தை, ஆஸ்பத்திரி வாசல்வரை பொறுக்காது என்று கண்டால், வண்டியை ஓரங்கட்டச் சொல்லி அங்கேயே பார்ப்பவர். குழந்தையின் தகப்பன் கை நடுங்க வெளியே நிற்பான். இவர் கை நடுங்காது. அன்பு குறைவு என்பதாலா? நூறு முறை பழகிய கை என்பதால்.

“சம்பளத்துக்குச் செய்கிறார்கள், ஐயா. அதை ஏன் இவ்வளவு உயர்த்துகிறீர்கள்?” என்றார் ஒரு நண்பர். சம்பளம் வாங்குவதால் அறம் குறைந்துவிடும் என்பது நமக்குள் ஊறிப்போன ஒரு நினைப்பு. எனக்கோ ‘தொண்டு’ என்ற சொல்லைக் கேட்டால்தான் கொஞ்சம் பயம். 12 மணி நேரப் பணியை 8 ஆக்குங்கள் என்று இந்த ஊழியர்கள் கேட்டபோது, “உயிர் காக்கும் தொண்டில் நேரக் கணக்கா?” என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் ஐந்தரை மணிக்கு வீடு திரும்புகிறவர்கள்.

வெளிநாட்டிலும் இதுவே கதை. 1967-இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தின் ஏழைக் கறுப்பின மக்களிலிருந்து ஆட்களைத் தேர்ந்து, பீட்டர் சாஃபர் என்ற மருத்துவர் பயிற்சி கொடுத்தார். ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்று பெயர். வண்டியிலேயே சிகிச்சை தொடங்கும் முறைக்கு அமெரிக்காவில் முன்னோடிகள் அவர்கள். 1975-இல் நகராட்சி தன் சொந்த வண்டிகளை ஓட்டத் தொடங்கியதும் அந்த அமைப்பை மூடிவிட்டார்கள். வழியைக் காட்டியவர்களில் பெரும்பாலோர் அந்த வழியில் தொடர்ந்து நடக்க முடியவில்லை.

நம் கரையில் கூலி விஷயத்தில் முன்னோர்கள் இன்னும் தெளிவாக இருந்தார்கள் என்று தோன்றுகிறது. முத்துக்குளிப்பின்போது சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கு ஒருவர் இருந்தார். ‘கடல் கட்டி’ என்று பெயர். எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு இத்தகைய மந்திரக்காரருக்குப் போனதாகப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, அவர் கரையில் நின்றால்தான் இவன் துணிந்து இறங்கினான். அந்தத் துணிவுக்கு விலை உண்டு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

2021-இல் மத்திய அரசு மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன் பட்டியலில் அவசர மருத்துவ உதவியாளர் தொழிலுக்கும் ஓர் இடம் கிடைத்தது. படிப்புக்கு வரையறை, பெயருக்குப் பதிவேடு என்று பேச அது வழி செய்தது. நல்லதுதான். ஆனால் பத்து வருஷம் வண்டியின் பின்புறத்தில் உட்கார்ந்து இடுப்பு வலியோடு வீடு திரும்புகிறவரிடம், “அடுத்து உங்களுக்கு என்ன பதவி?” என்று மைத்துனர் விசாரித்தால், அவர் பேச்சை மாற்றி மழையைப் பற்றிக் கேட்கிறார்.