பரபக்கமும் கேட்டல் வேண்டும்



கற்பிப்பார்க்கு நா எத்துணை இன்றியமையாததோ, அத்துணைச் செவியும் இன்றியமையாததாம். தேர்தற்காலம் வந்துற்றால் நம்மவரிடத்து நா நீண்டு செவி அடைபடுதலைக் காண்கின்றோம். இதற்குச் சான்று தேடி அடியேன் பிறரிடம் போக வேண்டுவதில்லை. என் குற்றமே சான்றாகும்.

கலவான பிரதேசத்துத் தோட்டப் பாடசாலையொன்றிலே ஆசிரியர் சிலர் கைபேசியிற் குழுவாய்க் கூடி எழுதி வந்தோம். ஒருநாள் இரவு நண்பரொருவர் தோட்டத் தொழிலாளர் சம்பளத்தைப் பற்றித் தம் கட்சிக் கருத்தை எழுதினார். அதனை முற்றும் வாசியாமலே அடியேன் மறுமொழி விடுத்தேன். அவர் ஒன்று சொல்ல, யான் இரண்டு சொன்னேன். நள்ளிரவில் அவ்வாதம் ஒருவர் குடும்பத்தை ஒருவர் இகழ்வதாய் முடிந்தது. மறுநாட் காலைப் பிரார்த்தனையில் இருவேமும் அருகருகே நின்றும் முகம் நோக்கினோமல்லேம். ஐந்தாம் வகுப்பு மாணாக்கனொருவன், "சேர், நீங்களும் அந்தச் சேரும் கோபமா?" என்று வினாவினான். அடியேனுக்கு வாயெழவில்லை.

நியாய நூலார் சொற்போரை மூன்றாக வகுப்பர். உண்மை காண்டற்பொருட்டு நிகழ்வது வாதம். எவ்வாற்றானும் வெல்லக் கருதி நிகழ்வது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையுமின்றிப் பிறன் கொள்கையை அழித்தலே தொழிலாகக் கொள்வது விதண்டை. அன்றிரவு அடியேன் செய்தது எதுவென நீவிரே துணிமின்.

நம் சித்தாந்த ஆசாரியர் காட்டிய நெறி வேறு. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிலே சுபக்கம் கூறுதற்கு முன் பரபக்கம் வகுத்தார். உலகாயதம் முதலாகப் பதினான்கு மதங்களையும், அவ்வம் மதத்தார் கூறுமாறே முன்னர் எடுத்துரைத்துப் பின்னரே மறுத்தார். ஆசீவக மதத்தைப் பின்பற்றுவார் இன்று ஒருவருமிலர். எனினும் அவர் கொள்கையை அறியப் புகும் ஆராய்ச்சியாளர், அதனை மறுத்த பரபக்கத்தையே எடுத்து நோக்குகின்றனர். பகைவன் கருத்தைச் சிதையாது காத்தளித்த நேர்மை ஈதன்றோ! திறந்த மனமுடைமையாவது தன் கொள்கையைக் கைவிடுதல் என அஞ்சற்க. அவர் கைவிட்டாரல்லர், கேட்டபின் மறுத்தார்.

அச்செவி அவர்க்கு எவ்வாறு வாய்த்தது? சகலாகம பண்டிதராய் விளங்கிய அவர், இளம்பிள்ளையாகிய மெய்கண்டார்முன் நின்று ஆணவமலத்தின் இயல்பு யாதென வினாவினாரென்றும், அவர் நின்ற நிலையே விடையெனத் திருநோக்காற் காட்டப்பெற்று அப்பிள்ளையின் அடியிலே வீழ்ந்தாரென்றும் கூறுவர். தோற்றலை இழிவெனக் கருதாத அப்பெரியாரே பிறர் கூற்றை நேர்மையாக உரைக்க வல்லரானார்.

சைவவுலகிலும் இந்நெறி தவறியதுண்டு. 1867ஆம் ஆண்டில் திருவருட்பா அச்சேறியபின், அப்பெயர் அதற்குப் பொருந்துமோ என்னும் வினா எழுந்தது. வினா தக்கதே. ஆயின் இருதிறத்தாரும் கண்டனங்களை வெளியிட, 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருபெருமக்களும் மறைந்த பின்னரும் பூசல் ஓயவில்லை. நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய வித்தியாசாலை பலர்க்கு அறிவு தந்தது. வள்ளலார் 1867இல் வடலூரில் நிறுவிய தருமசாலை பலர் பசி தீர்த்தது. வசைத்தாள்கள் யார்க்கு யாது தந்தன?

கலவானத் தொகுதி 1981ஆம் ஆண்டு இடைத்தேர்தலிலே சரத் முத்தெட்டுவேகம என்பாரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. 1977இல் 168 ஆசனங்களுள் 140ஐ ஆளுங்கட்சி வென்றிருந்த அச்சபையிலே, பொதுவுடைமைக் கட்சிக்கு அவர் ஒருவராய் நின்று பேசினார். ஆகவே பலர் நடுவே ஒருவன் குரலும் ஒலித்தல் வேண்டுமென்பது இவ்வூர்க்குப் புதிதன்று. அந்நாளில் நம் தோட்டத்து மக்களுட் பலர்க்கு வாக்கே இல்லை. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் இழந்த உரிமை, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோர்க்கும் வழி திறந்தது. இத்துணைக் காலம் காத்துப் பெற்ற குரலை ஒருவரையொருவர் இகழ்தற்கோ செலவிடுவது?

அம்மாணாக்கன் வினா உறங்கவிடாமையின், அடியேன் நண்பர் இல்லஞ் சென்று, "நீங்கள் எழுதியதை மறுபடி சொல்லுங்கள், இடைமறியேன்" என்றேன். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயாக நிருணயிக்கப்பட்டது நன்றே என்றும், பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறையளவும் கூட்டப்பட்டால் ஏழைக்கு அரைப்பேரே மிஞ்சுமென்றும் அவர் கூறினார். சம்பளவுயர்வையே அவர் பழித்தாரென்றன்றோ யான் சினந்தேன்! கட்சியில் இன்றும் வேறுபட்டே நிற்கின்றோம். அக்கொழுந்தின் கணக்கில் ஒன்றுபட்டோம்.

ஆதலால், ஆசிரியர்காள், வகுப்பிலே இதனைப் பயிற்றுமின். ஒருவன் கருத்தை மறுக்கப் புகும் மாணாக்கன் முதலில் அதனைத் தானே எடுத்துக் கூறுக. "ஆம், யான் சொன்னது அதுவே" என மற்றவன் உடன்பட்ட பின்னரே மறுமொழி தொடங்குக. பிள்ளைகளுக்குப் பயிற்றுமுன் நம் கைபேசியிலே நாம் பயில்க. யான் எனதென்னும் செருக்கறுத்துப் பரபக்கமும் கேட்கும் செவியை எம்பெருமான் நமக்கு அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.