கொடையும் கட்டளையும்

பொன்னேரியை அடுத்த பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. எவர் எந்நாளில் எங்கே வலை விரிப்பதென்று மீனவர் கூடி முறை வகுத்துக்கொள்வர். வலை அவரவருடையது, ஏரியோ எவருடைய தனியுடைமையும் அன்று.

கல்விக்கூடமும் அத்தகையதே. அங்கே பயின்று உயர்ந்தோர் அதற்கு ஈவது கடமை. ஆனால், ஈந்தவர் 'இதைக் கற்பி, அதைப் பேசாதே' எனக் கட்டளையிடலாமா?

ஜாமியா மில்லியாவின் வரலாறு நமக்கு விடை பகர்கிறது. அரசு மானியத்தைத் துறக்குமாறு வேண்டியும் அலிகர் கல்லூரி இணங்கவில்லை. அதன் பழைய மாணவரான மௌலானா முகம்மது அலி முதலானோர் 1920-இல் ஜாமியாவைத் தோற்றுவித்தனர். சுதந்திரம் வந்தது, வறுமையும் உடன் வந்தது. கைப்பொருள் ஈந்து காத்த ஹக்கீம் அஜ்மல்கான் 1927-இல் மறைந்தார். ஜாமியா மூடப்படுமோ என்னும் நிலை. அப்போது டாக்டர் ஜாகிர் உசேனும் தோழர்களும், மாதம் 150 ரூபாய்க்கு மேல் பெறாது 20 ஆண்டுகள் பணிபுரிய உறுதி பூண்டனர். அன்பர் பலரிடம் சிறுசிறு நன்கொடைகளும் திரட்டப்பட்டன.

அஜ்மல்கான் கட்டளையிட்டவர் அல்லர். எனினும் ஒரே கையை நம்பிய நிறுவனம் அக்கை ஓய்ந்ததும் தளர்ந்தது. ஆகவே பலர் கொடுத்தல் நன்று. ஆனால், பலர் கூடி இட்டாலும் கட்டளை கட்டளையே.

வலக்கை ஈவதை இடக்கை அறியலாகாது எனப் பயின்றவர்கள் நாம். நாம் பயின்ற கல்லூரியின் ஆசிரியர் ஒருவர் நமக்கு உவப்பில்லாத கருத்தைக் கூறலாம். அதற்கு அடுத்த மாதமும் நம் பணம் தவறாது சென்றால் அது கொடை. நின்றுவிட்டால், இதுவரை நாம் கொடுத்தது கூலியே.