நம் கையில் இருப்பது எது?



2006-ம் வருஷம் பிப்ரவரி மாதம். மகாராஷ்டிராவில் நந்துர்பார் ஜில்லா நவாப்பூரில் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. அந்த ஊருக்கும் நாமக்கல்லுக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். நம்ம பக்கத்தில் ஒரு கோழிக்கும் அந்த நோய் இல்லை. ஆனாலும் முட்டை விலை சரிந்தது. வளைகுடா நாடுகள் சில நம் முட்டையை வேண்டாம் என்றன. டீக்கடையில் ஆம்லெட் கேட்க ஆள் இல்லை.

அந்த நாட்களில் பத்தாயிரம் கோழி வைத்திருந்த ஒரு சகோதரனைப் பார்க்கப் போனேன். ஷெட்டுக்கு முன்னால் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க பாஸ்டரய்யா, ஒரு கோழி நாளைக்கு நூத்திப்பத்து கிராம் தீனி திங்குது. பத்தாயிரத்துக்கு ஆயிரத்து நூறு கிலோ ஆகுதுங்க. விலை இல்லைன்னு அதுக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு முட்டை போட்டுக்கிட்டே இருக்குது. நான் யாரு மேலங்க கோவப்படறது?" என்றார்.

"எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று சொல்லி, ஒரு ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். பல வீடுகளில் அப்படிச் சொல்லிவிட்டு வந்தவன்தான் நான். அன்றைக்கு வாய் வரவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 17-ம் அதிகாரத்தில் பவுல் அத்தேனே பட்டணத்தில் ஸ்தோயிக்கரோடு பேசினதை வாசித்திருக்கிறோம். அவர்கள் யார் என்று நம்மில் அநேகர் கேட்டதே இல்லை. அந்தக் கூட்டத்தில் பவுலுக்குக் கொஞ்சம் பிந்தி வந்தவர் எபிக்டெட்டஸ். பிறப்பிலே அடிமை. நீரோ ராயனிடம் உத்தியோகத்திலிருந்த ஒருவன் அவருக்கு எஜமான். காலும் ஊனம். விடுதலையான பிறகு ரோமாபுரியில் போதித்தார். தொமித்தியன் ராயன் ஞானிகளைத் துரத்தினபோது நிக்கொப்போலிக்குப் போனார். (பவுல் மாரிகாலத்தில் தங்கத் தீர்மானித்ததாகத் தீத்துவுக்கு எழுதினாரே, அந்தப் பேருள்ள பட்டணம்தான்.) அவர் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அரியன் என்ற சீஷன் கேட்டதை எழுதி வைத்தான்.

அவர் போதனையின் அஸ்திபாரம் இதுதான். நம்முடைய எண்ணம், விருப்பம், வெறுப்பு, முயற்சி இவைகள் நம் கையில் இருக்கின்றன. சரீரம், சொத்து, பேர், பதவி நம் கையில் இல்லை. இல்லாததை நம்முடையது என்று பிடித்துக்கொண்டால் அழுகைதான். இதைச் சொன்னவன் சிங்காசனத்தில் இருந்தவன் அல்ல, தன் காலே தனக்கு உதவாத அடிமை. அதனால்தான் எனக்கு அவர் பேச்சில் மரியாதை.

நம் சகோதரனுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நவாப்பூரின் நோய் அவர் கையில் இல்லை. விலை இல்லை. ஜனங்களுடைய பயம் இல்லை. ஷெட்டின் சுத்தம் அவர் கையில். வேலையாட்களிடம் பேசுகிற பேச்சு அவர் கையில். ராத்திரி வீட்டுக்குப் போய் யார் மேல் எரிந்து விழுகிறார் என்பதும் அவர் கையில்தான்.

ஆனால் ஒரு சங்கதி இடிக்கிறது. கோடு எங்கே என்று யார் தீர்மானிப்பது? ஒரு காலத்தில் வியாபாரி சொன்னதே முட்டைக்கு விலை. பண்ணைக்காரன் தலைவிதி என்று நஷ்டத்தை வாங்கிக்கொண்டு போனான். பி.வி.ராவ் என்பவர் முன்னே நின்று பண்ணைக்காரர்களைக் கூட்டினார். 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உண்டாயிற்று. விலையை அவர்களே அறிவிக்க ஆரம்பித்தார்கள். தனி ஆள் கையில் இல்லாதது பத்துப் பேர் கூடினபோது கொஞ்சமாவது கைக்கு வந்தது. ஜனங்களின் பயமும் அப்படித்தான். 70 டிகிரி சூட்டில் நன்றாக வெந்தால் அந்தக் கிருமி சாகும் என்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. ஆகவே "நம்மால் ஆகாது" என்று சொல்லுமுன் முயற்சி பண்ணிப் பார்த்தோமா என்று கேட்க வேண்டும். சோம்பல் பல நேரம் பக்தியின் வேஷம் போட்டு வரும்.

இன்னொன்றிலும் எபிக்டெட்டஸோடு என்னால் போக முடியவில்லை. பிள்ளையை முத்தமிடும்போதே இது சாகிற ஜீவன் என்று நினைத்துக்கொள், அப்போது செத்தாலும் கலங்கமாட்டாய் என்கிறார். லாசருவின் கல்லறையில், இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். கண்ணீர் விட்டதால் அவர் கலங்கிப்போய் வேலையை விட்டுவிடவில்லை. கல்லை எடுங்கள் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். எடுத்துப் போடுவது அவர்கள் கையில் இருந்த காரியம்.

அன்று சகோதரனிடம் இவ்வளவும் நான் பேசவில்லை. கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அழுது முடிக்கும் மட்டும் இருந்தேன். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். கேட்டருகே புதுசாய்ச் சுண்ணாம்பு தூவியிருந்தது. ஒரு தொட்டியில் மருந்துத் தண்ணீர்.

"காலை நனைச்சுட்டு உள்ள வாங்கய்யா" என்றார்.

நனைத்தேன். "விலை எப்படிங்க?" என்று கேட்டேன்.

"அதை மட்டும் கேக்காதீங்க" என்று சிரித்துவிட்டு, முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் நடந்தார்.