பிள்ளை கையில் காசு

ஆலயத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே பொருளாளர் எழுந்து நின்று வரவு செலவுக் கணக்கை வாசிப்பது எமது கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். உபயகாரர் தந்தது எவ்வளவு, உண்டியலில் விழுந்தது எவ்வளவு, மேளத்துக்கும் பந்தலுக்கும் அன்னதானத்துக்கும் போனது எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லப்படும். ஒரு வாழைக்குலையின் விலை கூடிவிட்டதாகத் தோன்றினாற்கூட யாராவது எழுந்து கேட்பார். பொருளாளரும் கோபிக்காமல் பதில் சொல்வார். கோயிற் பணம் ஊரார் பணம். ஆகவே ஊராருக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்பதில் எவருக்கும் இரண்டாம் கருத்து இல்லை.

அதே கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போனால் நிலைமை வேறு. வீட்டுக்கு வருவது எவ்வளவு, கடன் எவ்வளவு, அம்மாவின் சங்கிலி எந்த வங்கியில் ஈட்டில் இருக்கின்றது என்பதெல்லாம் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. கேட்டால், "அதெல்லாம் உனக்கெதற்கு மகன், நீ படி" என்பார் தாய். பாசத்தினாலேதான் அப்படிச் சொல்கிறார். தாம் பட்ட கஷ்டம் பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று எண்ணுகிறார். ஆனால் அதே பிள்ளை மறுநாள் புதிய கையடக்கத் தொலைபேசி வேண்டும் என்று அடம்பிடிக்கும்போது, "வீட்டு நிலைமை தெரியாத பிள்ளை" என்று அவனையே குறைசொல்கிறோம். தெரியாமல் வைத்தவர் யார்?

வளரும் பிள்ளைக்கு வீட்டுக் கணக்கைச் சொல்லலாமா, கூடாதா? இது வெறும் சிக்கனம் பற்றிய கேள்வி அன்று. அறம் பற்றிய கேள்வி. பணத்தைப் புத்தியாகக் கையாளப் பிள்ளைகள் பழகவேண்டும் என்று சொல்பவர்கள் முதலில் இதற்கு விடை சொல்லவேண்டும்.

வீழிமிழலைப் படிக்காசு

சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்திலே சொல்லும் ஒரு வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்த காலத்தில் நாட்டிலே பஞ்சம் வந்தது. மழையில்லை, விளைச்சலில்லை. அடியார்கள் பசியால் வருந்தாதிருக்க, இறைவன் நாள்தோறும் இருவருக்கும் ஒவ்வொரு பொற்காசு கோயிற் பீடத்தில் வைத்தருளினான். கிழக்குப் பீடத்துக் காசு சம்பந்தருக்கு, மேற்குப் பீடத்துக் காசு அப்பருக்கு. அந்தக் காசைக் கொண்டு இரண்டு திருமடங்களிலும் அடியாருக்கு அமுது நடந்தது.

ஆயினும் சம்பந்தரின் மடத்திலே அமுது தாமதமாகியது. அப்பரின் மடத்தில் உரிய நேரத்துக்கு முடிந்தது. ஏன் இப்படி என்று சம்பந்தர் தம் மடத்தில் பணிசெய்வோரைக் கேட்டார். அவர்கள் உள்ளதைச் சொன்னார்கள். சம்பந்தருக்குக் கிடைக்கும் காசுக்குக் கடையிலே வாசி கேட்கிறார்கள், அதாவது மாற்றுக் குறைவென்று வட்டம் கழிக்கிறார்கள். அதனால் பண்டம் வாங்கிவர நேரமாகிறது. அப்பரின் காசுக்கு வாசி இல்லை என்றார்கள். கையால் உழவாரத் தொண்டு செய்பவர் என்பதனாலே அப்பருக்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்பது சேக்கிழார் தரும் விளக்கம். அதன்பின் சம்பந்தர் இறைவனைப் பாடி வாசி நீங்கிய நற்காசு பெற்றார் என்பது வரலாறு.

இதிலே நாம் வழமையாகக் கவனிக்காத ஒன்று உண்டு. சம்பந்தப் பிள்ளையார் பதினாறு ஆண்டுகளே இவ்வுலகில் வாழ்ந்தவர் என்பது சைவ மரபு. அத்தகைய இளையவர் கையிலே பஞ்சகாலத்தில் ஒரு மடத்தின் அடுப்பெரியும் பொறுப்பு இருந்தது. தாமதத்தைக் கண்டதும் அவர் காரணம் கேட்டார். மடத்தவரும், "சிறு பிள்ளை, இதையெல்லாம் ஏன் சொல்வான்" என்று மறைக்கவில்லை. காசிலே உள்ள குறையை உள்ளபடி சொன்னார்கள். சொன்னதனாலேதான் குறை தீர்ந்தது. மறைத்திருந்தால் அடியார்கள் நாள்தோறும் பசியோடு காத்திருந்திருப்பார்கள்.

எமது வீடுகளின் நிலை

சவளக்கடை, அன்னமலை, நாவிதன்வெளிப் பக்கத்துக் குடும்பங்களிற் பலவற்றுக்குப் பணம் மாதச் சம்பளமாக வருவதில்லை. வெள்ளாண்மையை நம்பியவருக்குப் பெரும்போக வெட்டோடு ஒரு தடவை, சிறுபோக வெட்டோடு ஒரு தடவை மொத்தமாகக் கைக்கு வரும். இடைப்பட்ட மாதங்கள் கடையிற் கடனிலும் நகை ஈட்டிலும் ஓடும். கூலி வேலைக்குக் கல்முனைப் பக்கம் போகிறவருக்குக் கிட்டங்கியில் வெள்ளம் ஏறினால் அன்றைய வருமானம் இல்லை. சில வீடுகளில் தாய் மத்திய கிழக்கிலிருந்து அனுப்பும் பணமே வாழ்க்கை.

வெட்டு முடிந்த கிழமையில் வீட்டில் நோட்டுக் கட்டைக் காணும் பிள்ளை, எங்களிடம் பணம் இருக்கிறது என்று நினைப்பதில் என்ன தவறு? அந்தக் கட்டில் பாதி உரக்கடைக்கும் உழவு இயந்திரக்காரருக்கும் வெட்டு இயந்திரக்காரருக்கும் உரியது என்று யாரும் சொல்லவில்லையே. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைக் காணும் பிள்ளைக்கு, அது அம்மா எத்தனை மணிக்கு எழும்பிச் செய்த வேலையின் கூலி என்று தெரியவேண்டாமா?

எமது சட்டப்படி பதினெட்டு வயது நிறையாதவர் தாமாகக் கடன் ஒப்பந்தம் செய்யமுடியாது. ஆகவே பதினேழு வயதுப் பையன் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் கேட்டால், கையொப்பமிடுபவர் தகப்பன் அல்லது தாய். தவணை தவறினால் வீட்டுப் படலையிலே வந்து நிற்பவர்கள் கேட்பதும் அவர்களைத்தான். ஓடுவது ஒருவர், பொறுப்பு இன்னொருவருக்கு. நுண்கடன் தவணைகளால் இந்நாட்டுக் கிராமத்துப் பெண்கள் பட்டபாடு எத்தகையதென்றால், 2018ஆம் ஆண்டில் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களை நீக்க அரசே திட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்தத் தவணைகளைக் கட்டிய தாய்மாரின் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

பதினைந்து வயதில் காந்தி

இந்தியாவிலே மகாத்மா காந்தி தமது சுயசரிதையில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். அவருக்கு அப்போது வயது பதினைந்து. அவருடைய தமையனார் ஒருவருக்கு ஏறக்குறைய இருபத்தைந்து ரூபாய் கடன் ஏற்பட்டது. வீட்டில் சொல்லப் பயம். தமையனாரின் கையிலிருந்த தங்கக் காப்பில் ஒரு துண்டை வெட்டியெடுத்துக் கடனை அடைத்தார்கள். கடன் தீர்ந்தது, மனம் ஆறவில்லை. நோயாகக் கிடந்த தந்தையிடம், நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துத் தண்டனையும் கேட்டார் காந்தி. தந்தை எழுந்திருந்து வாசித்தார். கண்ணீர் வழிந்தது. தாளைக் கிழித்துவிட்டுப் பேசாமல் மீண்டும் படுத்துக்கொண்டார். ஏசவுமில்லை, அடிக்கவுமில்லை.

1888ஆம் ஆண்டு, பத்தொன்பது வயது நிறையுமுன்னர் சட்டம் படிக்க இலண்டன் போன காந்தி, அங்கே செலவழித்த ஒவ்வொரு சிறு காசுக்கும் கணக்கெழுதி, இரவில் படுக்கப் போகுமுன் வரவையும் செலவையும் சரிபார்த்தார். அந்தப் பழக்கமே பிற்காலத்தில் இலட்சக்கணக்கான பொதுப்பணத்தைக் கடன்படாமல் நிர்வகிக்க உதவியது என்று அவரே எழுதுகிறார். பதினைந்து வயதில் மறைத்த கடன் திருட்டில் முடிந்தது. பதினெட்டு வயதில் எழுதிய கணக்கு அவரை நிமிர்ந்து நிற்கச் செய்தது. இரண்டுக்கும் நடுவே தந்தையிடம் உள்ளதைச் சொன்ன அந்தத் தாள் இருக்கிறது.

நமது பிள்ளைகளும் தவறுவார்கள். விளையாட்டுச் செயலியிலோ பந்தயத்திலோ காசை விட்ட பையன், அதை அப்பாவிடம் சொல்லமுடியாமல் அம்மாவின் மோதிரத்தைத் தேடிப்போகும் நிலை வரலாம். அவன் உண்மையைச் சொல்லத்தக்க வீடாக எமது வீடு இருக்கின்றதா? பெற்றோர் தமது கடனைப் பிள்ளைக்கு மறைக்கும் வீட்டில், பிள்ளையும் தன் கடனைப் பெற்றோருக்கு மறைக்கவே பழகும்.

சொல்லும் முறை

பிள்ளையின் தலையில் கடன் பாரத்தை ஏற்றினால் படிப்புக் கெடும் என்று சிலர் சொல்வார்கள். அது புறந்தள்ளத்தக்க வாதம் அன்று. வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டுக் கேட்டே பாடசாலையை விட்டுக் கூலிக்குப் போன பிள்ளைகளும் உண்டு. ஆகவே சொல்லும் முறை முக்கியம். "உன்னாலேதான் இவ்வளவு கடன்" என்று சொல்வது கணக்குச் சொல்வது ஆகாது, பழி சொல்வதாகும். "இந்தப் போகம் இவ்வளவு வந்தது, இவ்வளவு கொடுக்கவேண்டும், மிச்சம் இவ்வளவு. அடுத்த போகம்வரை இதைக்கொண்டு போகவேண்டும். உன் ரியூசன் காசு இதிலே ஒதுக்கியாயிற்று, நீ பயப்படாதே" என்று அமைதியாகச் சொல்வதே கணக்கு. கடனை அடைக்கும் கவலை பெற்றோருடையதாக இருக்கட்டும். நிலைமையை அறியும் உரிமை பிள்ளைக்கும் உண்டு.

தம்பி தங்கையருக்கு

வீட்டுக் கணக்கை அறிந்த பிள்ளைக்குத் தன் கைக்காசைக் கையாளும் கடமையும் வருகிறது. வருமானத்தின் வழி சிறிதானாலும், செலவின் வழி அதைவிட அகலாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திலே வைத்திருக்கிறார். வாய்க்காலும் வரம்பும் தெரிந்த எமது பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வரும் தண்ணீரைவிட வெட்டிவிடும் தண்ணீர் கூடினால் வயல் காயும்.

ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். 60,000 ரூபாய் தொலைபேசி. ஆண்டுக்கு 24 வீதம் வட்டி, 12 மாதத் தவணை என்கிறார்கள். வட்டி 14,400 ரூபாய், மாதத் தவணை 6,200 ரூபாய். பாதிக் கடனைக் கட்டி முடித்த பின்னரும் முழு 60,000 ரூபாய்க்கே வட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 40 வீதத்தைத் தாண்டிவிடும். அதே 6,200 ரூபாயை மாதாமாதம் சேர்த்தால் பத்தாம் மாதத்தில் 62,000 ரூபாய் கையில் இருக்கும். பத்து மாதம் பொறுத்திருப்பதன் விலை 14,400 ரூபாய்!

"ஆளைச் சேர்த்துவிடு, இருந்த இடத்தில் காசு வரும்" என்று வருபவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: என்ன பொருளை விற்று, என்ன வேலை செய்து இந்த இலாபம் வருகிறது? புதிதாகச் சேர்பவரின் காசையே பழையவருக்குக் கொடுப்பது பிரமிட் திட்டம். இலங்கையின் வங்கித் தொழில் சட்டம் அதைத் தடைசெய்கிறது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்டில் எம்.ரி.எப்.ஈ. என்ற செயலி சரிந்தபோது பங்களாதேஷிலும் இலங்கையிலும் பலர் போட்ட பணத்தை இழந்தார்கள். பெரும்பாலும் அவர்களைச் சேர்த்துவிட்டவர்கள் உறவினரும் நண்பருமே. தான் இழப்பது ஒன்று, நம்பிய உறவினரை இழக்கச் செய்வது வேறொன்று. பின்னையது பாவம்.

சேமிப்பிலும் பயனில்லை என்பாரும் உண்டு. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாக உயர்ந்தது. வங்கியில் கிடந்த பணத்தின் பெறுமதி கரைந்தது உண்மைதான். ஆனால் அந்த நாட்களில் கையில் சிறிது இருந்த குடும்பம் அரிசி வாங்கியது. ஒன்றுமில்லாத குடும்பம் ஈட்டுக் கடைக்குப் போனது. சேமிப்பு உங்களைப் பணக்காரராக்கும் என்று எவரும் வாக்குறுதி தரமுடியாது. அவசரத்தில் மற்றவர் காலில் விழாமல் காக்கும். அதுவே போதிய காரணம்.

கடைசியாக ஒன்று. வீழிமிழலையில் கிடைத்த காசு பெட்டியில் பூட்டிவைக்கப்படவில்லை, பசித்தவருக்குச் சோறாயிற்று. வாசியில்லாக் காசு கையால் தொண்டு செய்தவருக்கே முதலில் கிடைத்தது. விடுமுறையில் வயலிலோ கடையிலோ நேர்மையாக உழைத்துப் பெற்ற நூறு ரூபாயில் பத்து ரூபாயை, சக மாணவனின் கொப்பிக்கோ அன்னதானத்துக்கோ கொடுத்துப் பாருங்கள். அந்தப் பத்து ரூபாய்க்கு வாசி இல்லை. கடன் வாங்கிச் செய்யும் ஆயிரம் ரூபாய் உபயத்தைவிட இறைவன் அதை உவந்து ஏற்பான் என்பதில் ஐயமில்லை.

பெற்றோரே, அடுத்த வெட்டுப் பணம் வந்த அன்று இரவு, சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, ஒரு கொப்பியிலே வரவையும் செலவையும் எழுதச் சொல்லுங்கள். எழுதுவது பிள்ளையின் கையாக இருக்கட்டும். அவர்கள் கேள்வி கேட்டால், எமது பொருளாளரைப் போலக் கோபிக்காமல் பதில் சொல்லுங்கள். எல்லோர் இல்லங்களிலும் உண்மையும் நிறைவும் பெருக எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.